ஜன்னல் பக்கத்துக் கை

வித்வான் யாரோ ஒரு பெண்ணுக்காகத் தொண்டை ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இந்தச் செய்தி கடல் கடந்து அவருடைய மகளின் காதுக்கு வந்து சேர்வதற்குள் நாலைந்து வாய் மாறியிருந்தது. மருந்துக்கடைக்காரர் காலையில் தன்னோடு நடக்க வருகிறவரிடம் சொன்னார். அவர் வீட்டில் போய்ச் சொன்னார். வீட்டம்மா தன் சிநேகிதியிடம் சொன்னாள். அந்தச் சிநேகிதி வித்வான் மகளுக்கு நாத்தனாராக வாய்த்திருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சம் கை கால் முளைத்து, கடைசியில் ஆளே அடையாளம் தெரியாமல்தான் செய்தி வந்து நின்றது.

"அண்ணி, நான் சொன்னேன்னு வேணாம். ஊர்ல பேசிக்கறதைச் சொல்றேன்," என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "உங்கப்பாவுக்குத் தொண்டையில கட்டியாம். எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியும் மாட்டேன்னுட்டாராம். யாரோ துபாஷியாம். அவளை அம்போன்னு விட்டுட முடியாதுன்னாராம்."

மகளுக்கு விமான நிலையத்தில் வேலை. வந்து சேராத பெட்டிகளைத் தேடிப் பிடிக்கிற அலுவலகம் அது. ஜன்னல் கிடையாது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பயணி, தன் பெட்டி கறுப்பு நிறம், சக்கரம் வைத்தது என்று மிகவும் பிரத்தியேகமான அடையாளம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தில் தொலைகிற பெட்டியெல்லாம் கறுப்புதான், சக்கரம் வைத்ததுதான். அவரிடம் ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு மகள் போனில் கேட்டாள்.

"வயசு என்னவாம்?"

"இருபத்தஞ்சு இருக்குமாம் அண்ணி. அதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

மகளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. அந்தத் துபாஷியை அவளுக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் துபாஷிக்கு இருபத்தைந்து வயதுதான். அப்பா எழுதி முடிக்காமல் வைத்திருக்கும் நாடகத்தின் கதாநாயகி அவள். இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் நின்று, ஒருவர் பேச்சை இன்னொருவருக்குப் பெயர்த்துச் சொல்கிற பெண். ஒரு ராஜாவுக்குச் சமஸ்கிருதம், மற்றவருக்குத் தெலுங்கு. இவர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். துபாஷி அதை நலம் விசாரிப்பாக மாற்றிச் சொல்லுவாள். அவர் பதிலுக்குப் பல்லைக் கடிப்பார். இவள் அதைப் பெண் கேட்கிற பேச்சாக ஆக்கிவிடுவாள். சபை முழுக்கச் சிரிக்கும். கடைசிக் காட்சியில் இரண்டு ராஜாக்களும் அவள் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பார்கள். அவள் முதல் தடவையாகத் தன் சொந்தப் பேச்சைப் பேச வேண்டும். அந்த வசனம்தான் இத்தனை வருஷமாக வித்வானுக்கு வரவில்லை.

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. துபாஷி நிஜம் என்றால் கட்டியும் நிஜம். அதோடு, கட்டி அவளுக்குப் புதுச் செய்தி அல்ல. அப்பா வாயாலேயே அவள் அதைக் கேட்டிருந்தாள். கேட்டுவிட்டு, அந்த வீட்டு முறைப்படி, கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

அந்த வீட்டு முறை என்ன என்று சொன்னால்தான் இது விளங்கும்.

வித்வானுக்குத் தாய்மொழி தெலுங்கு. சமஸ்கிருதம், சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்து படித்தது. படித்து முடித்து முதலில் கிடைத்தது ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. மெஷின் ஓடும்போது மேஜையே நடுங்கும். அந்த நடுக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பிறர் எழுதிய நாடகங்களில் எழுத்துப் பிழை பார்த்தார். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் நூலாசிரியர் ஒருவர் அச்சகத்துக்கே வந்து கத்தினார். பிழையைத் திருத்தச் சொன்னால் கதாநாயகனையே திருத்திவிட்டாராம் இந்த ஆள். முதலாளி இரண்டு பிரதியையும் வாங்கிப் படித்துப் பார்த்து, திருத்தினது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்காகவே வேலையை விட்டு அனுப்பினார்.

அப்புறம் ஒரு கல்லூரியில் இரண்டு மொழிக்கும் அவரே ஆசிரியர். அதிக மதிப்பெண் கிடைக்கும் என்று வந்து சேர்ந்த பிள்ளைகள் பின்வரிசையில் தூங்கினார்கள். அவர் எழுப்பமாட்டார். ராணி அழுகிற காட்சியை அவர் நடித்துக் காட்ட ஆரம்பித்தால் அவர்களே எழுந்துவிடுவார்கள். கடைசியில் சேர ஆள் இல்லாமல் துறையை மூடியபோது, துறையின் பெயர்ப்பலகையை அவரிடமே கொடுத்தார்கள். அது வீட்டில் அலமாரித் தட்டாக ஆயிற்று. இன்றைக்கும் டப்பாக்களை எடுத்தால் அடியில் எழுத்துகள் தெரியும்.

தெலுங்கு நாடகங்களை ஒரு பேங்க் ஊழியர் மன்றம் மேடை ஏற்றியது. சமஸ்கிருத நாடகங்கள் எப்போதாவது. அவற்றில், மொழி புரிந்தவர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள்; கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஆனாலும் ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் வித்வான் ஒரு வாரத்துக்குத் தரையில் கால் பாவாமல் நடப்பார்.

அவர் பேனாவோடு உட்கார்ந்து ஒரு வசனமும் எழுதியதில்லை. எல்லாம் பேச்சுதான். முன் அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே ராஜாவாகவும் ராணியாகவும் வாயிற்காப்பாளனாகவும் மாறி மாறிப் பேசுவார். சிமெண்ட் தரையில் அவர் நடந்த தடம் பளபளவென்று இருக்கும். பாத்திரத்துக்கு ஓர் ஆசனம் வேறு. கை வைத்த நாற்காலி ராஜாவுக்கு, டிரங்குப் பெட்டி ராணிக்கு, சமையலறை முக்காலி விதூஷகனுக்கு. விவரம் தெரியாமல் வந்தவர் யாராவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், "கொஞ்சம் அப்படி மாறி உக்காருங்க, அது படையெடுப்புல இருக்கு," என்பார்.

நடக்கிறவர் பேச, எழுதுகிறவள் அவர் மனைவி. அவள் தமிழ்க்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவர் தெலுங்கில் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு அவர் அதை வைத்துக்கொண்டு தெலுங்கில் படி எடுப்பார். நாடகங்களை எழுதி எழுதியே அவளுக்குத் தெலுங்கு பேச வந்துவிட்டது. ஆனால் வந்ததெல்லாம் அரண்மனைத் தெலுங்கு. காய்கறி வண்டிக்காரர் தெலுங்குக்காரர் என்று தெரிந்து ஆசையாகப் பேசப்போய், கத்தரிக்காய் விலை கேட்டது போர்ப் பிரகடனம்போல இருந்ததில் அந்த மனுஷர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

வசனத்தின் நடுவில் வீட்டுப் போன் அடித்தால் வித்வான் எடுக்கமாட்டார், அவளையும் எடுக்கவிடமாட்டார். நாளெல்லாம் அடிக்கிற போனை எடுப்பதே உத்தியோகமாக இருந்தவளுக்கு அது பெரிய அவஸ்தை. பேனாவைப் பிடித்தபடி போனைப் பார்த்துச் சொல்லுவாள்: "இருங்க. வசனம் முடியட்டும், எடுப்பார்."

இப்போது அந்த முறை. பழைய சமஸ்கிருத நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் மூன்று பேர் நிற்கும்போது, இரண்டு பேர் மட்டும் ரகசியம் பேச வேண்டுமென்றால், பேசுகிறவர் மோதிர விரலை மட்டும் மடக்கி, மற்ற விரல்களை நிமிர்த்தி, உள்ளங்கையை மூன்றாமவர் பக்கம் திருப்பிக் கன்னத்தருகே வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். பக்கத்திலேயே நின்றாலும் மூன்றாமவர் காதில் எதுவும் விழாது. விழாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குச் சாஸ்திரத்தில் பெரிய பெயர் இருக்கிறது. வித்வான் மனைவி அதற்கு வைத்த பெயர் தட்டி. இரண்டே அறை வீடு, நடுவில் ஒரு தட்டி போட்டுக்கொண்டதுபோல ஆயிற்று என்பது அவள் கணக்கு.

கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு வீட்டுச் சட்டமே ஆகிவிட்டது. விருந்தாளி எதிரிலேயே அவள் கையைத் தூக்கி, "இவர் எப்போ கிளம்புவார்னு தெரியுமா?" என்று கணவரைக் கேட்பாள். விருந்தாளி வெலவெலத்துப் போவார். மன்றத்தில் ராணி வேஷம் கட்டுகிற பேங்க்கார மாமா மட்டும், நடிகர் என்பதால், சுவரைப் பார்த்துப் புன்னகைத்தபடி இன்னொரு டம்ளர் தேநீர் கேட்பார். கேட்டும் கேட்காமல் இருப்பது வித்வான் மனைவிக்குத் தொழில். எக்ஸ்சேஞ்சில் ஊரார் ரகசியமெல்லாம் அவள் காதோரமாகத்தான் போய்வந்தது. ஒன்றைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

மகளுக்கு அந்தச் சட்டம் ஒரு நாளில் படிந்தது. அவள் சின்னவளாக இருந்தபோது, அப்பா அவள் பக்கம் கையைத் திருப்பிக்கொண்டு, அவளை விடுதியில் சேர்ப்பதைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் பொறுக்கமாட்டாமல், "நான் போகமாட்டேன்," என்று அழுதுவிட்டாள். அப்பா கையை இறக்கினார். கோபப்படவில்லை. ஏதோ உடைந்ததைப் பார்க்கிறதுபோல அவளைப் பார்த்தார்.

"பாப்பா, நம்ம வீட்ல ரெண்டு ரூம்தான். இதுதான் எங்களுக்கு மூணாவது ரூம். இதையும் நீ திறந்துட்டா நாங்க எங்க போறது?"

அவளை விடுதிக்கு அனுப்பவில்லை. ஆனால் பல நாள் அந்த வீட்டில் யாரும் கையைத் தூக்கவில்லை. அந்த நாட்களின் வெறுமை அவளுக்கு மறக்கவே இல்லை. மறுபடி ஒருநாள் அம்மா கையைத் தூக்கியபோது, மகள் ஓடிப்போய் ஷூ கயிற்றை அவிழ்த்து, அவிழ்த்ததையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளைவிட நன்றாகக் கேட்காமல் இருக்கிறவர் யாரும் இல்லை.

அம்மா போன பிறகு தட்டி போடத் தேவையே இல்லாமல் போயிற்று. எழுத ஆள் இல்லாமல் நாடகமும் நின்றது. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அப்பா போனை மேஜைமேல் அகராதியில் சாய்த்து வைத்துக்கொள்வார். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, அங்கே குளிரா, இங்கே வெயில். துபாஷியைப் பற்றிக் கேட்டால், "அவ இன்னும் வாயைத் திறக்கலை," என்பார்.

போன மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் குரல் கரகரவென்று இருந்தது. ஜலதோஷம் என்றார். பிறகு, அம்மா போனதற்கப்புறம் முதல் தடவையாக, மோதிர விரலை மடக்கிக் கையை உயர்த்தினார்.

"கட்டிங்கிறார் டாக்டர். எடுத்தா உயிருக்குப் பயமில்லை, பேச்சு போயிடலாமாம். துபாஷி இன்னும் பேசலை, அதுக்குள்ள நான் பேச்சை விட்டுடறதா? எனக்கு ஒண்ணும் ஓடலை. நீ சொல்றபடி செய்யறேன்."

அப்பா அம்மாவோடு பேசுகிறார் என்று மகள் நினைத்தாள். இருக்கிறது இரண்டு பேர், அவர் கையைத் தூக்கிவிட்டார். அப்படியானால் மூன்றாமவள் அவள்தானே. போனவளிடம் இன்னும் யோசனை கேட்கிற அப்பாவின் அந்த மூன்றாவது அறையை எப்படித் திறப்பாள்? பழகிய உடம்பு தானே திரும்பிக்கொண்டது. சமையல் மேடையில் இல்லாத கறையைத் துணி வைத்துத் துடைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கையை இறக்கியிருந்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"சரி. அங்க மழையா?"

"ஆமாப்பா. மழைதான்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி தேடுகிற கணினியில் தொண்டைக் கட்டிகளைப் பற்றித் தேடினாள். படிக்கப் படிக்கத் தன் தொண்டையிலும் ஏதோ இருப்பதுபோல இருந்தது. விடுப்புக்குச் சொல்லி வைத்தாள். அப்பா நேராகச் சொல்லட்டும், சொன்ன நிமிஷம் கிளம்பிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தாள். அவரும் எதற்கோ காத்திருக்கிறவர்போலத்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளிதான் அடுத்த வசனம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்ட இரண்டு நடிகர்கள் மாதிரி, ஞாயிறுக்கு ஞாயிறு மழையையும் வெயிலையும் பேசிவிட்டு வைத்தார்கள்.

இப்போது நாத்தனாரிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, பயணியிடம் பெட்டிக்கான படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டு, பேங்க்கார மாமாவைக் கூப்பிட்டாள். அவர் பேங்கை விட்டு ஓய்வு பெற்றும், ராணி நடையிலிருந்து ஓய்வு பெறாதவர். தெருக்கோடி வீட்டிலிருந்து தினமும் வித்வானைப் போய்ப் பார்த்து வருகிறவர். நாத்தனார் சொன்ன கதையைச் சொன்னதும் முதலில் சிரித்தார். மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கும்போது இவரேதான் துபாஷியைப் பற்றி வாய் விட்டாராம். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"கட்டி வாஸ்தவம்தான் பாப்பா. வேண்டாம்னு சொன்னதும் வாஸ்தவம். ஆனா துபாஷிக்காகன்னு அவர் ஊருக்குச் சொல்றார். என்கிட்ட வேற சொன்னார்."

"என்ன சொன்னார் மாமா?"

"பொண்ணைக் கேட்டேன், அவ பதில் சொல்லலை, முகத்தைத் திருப்பிக்கிட்டா. ஆபரேஷன் வேண்டாம்னு அவ வாயால எப்படிச் சொல்லுவா, அதான் சும்மா இருக்கா போல. இந்த வயசுல போய் அவளை என்னத்துக்குச் சங்கடப்படுத்தணும்னார்."

"என்னைக் கேட்டாரா? அப்பா தட்டி போட்டுட்டு அம்மாகிட்ட இல்ல பேசினார்?"

மாமா ஒத்திகையில் தப்பு கண்டுபிடிக்கிற குரலில் கேட்டார்.

"கை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என்ன மாமா?"

"உள்ளங்கை யார் பக்கம் பார்த்துச்சுன்னு கேக்கறேன். போன் பக்கமா, ஜன்னல் பக்கமா?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். அகராதியில் சாய்த்த போனுக்கு நேராக அப்பாவின் முகம். முழு முகம். நடுவில் எதுவும் மறைக்கவில்லை. கை கன்னத்துக்கு அந்தப் பக்கம்.

"ஜன்னல் பக்கம்."

"அப்படிச் சொல்லு," என்றார் மாமா மெதுவாக. "உங்கம்மா படத்தை முன் ரூம்லேருந்து மாத்திட்டார் பாப்பா. வெளிச்சமா இருக்கட்டும்னு ஜன்னல் பக்கத்துல மாட்டியிருக்கார். உங்கம்மா இப்போ அங்கதான் இருக்காங்க."

மாமா தொடர்ந்தார். நாடகத்தை முடித்தே தீருவேன் என்று மனைவியின் கடைசி நாட்களில் வித்வான் அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். குரல் போகப்போகிறது, முடிக்க முடியாது என்பதை அவள் காதில் போட அவருக்கு மனசு வரவில்லை. அவளுக்குத் தட்டி போட்டுவிட்டு, மகளிடம் பயத்தைச் சொல்லியிருக்கிறார். இவள் திரும்பி நின்று சமையல் மேடையைத் துடைத்திருக்கிறாள்.

"மாமா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"டாக்டர் வெளியூர் கிளம்பறார். இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சொன்னா போறதுக்கு முன்னாடி செஞ்சுடறேன்னார். நான் சொல்லிப் பார்த்தாச்சு, கெஞ்சியாச்சு, ராணி குரல்லகூட அதட்டிப் பார்த்துட்டேன். நீ சொல்றபடிதான் செய்வேன்னு உன்கிட்டதானே சொன்னார்? நீ சொல்லு."

"நீங்க போய்ச் சொல்லுங்களேன் மாமா, நான் கேட்டேன்னு. காதுல விழுந்துச்சுன்னு."

"நான் போனா அது துபாஷி சொன்னதாத்தான் ஆகும். உன் பேச்சை நீயே பேசு. இப்பதான் அங்கேருந்து வந்தேன். ஆள் வீட்லதான் இருக்கார், நடந்துக்கிட்டு இருக்கார்."

அவர் வைத்துவிட்டார். சாயந்தரம் அங்கே நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் என்ன சொல்வது என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கேட்டேன் அப்பா, எல்லாம் கேட்டேன். செஞ்சுக்கோங்க. அதுவரைக்கும் இருக்கிற நாள்ல நீங்க பேசுங்க, நான் எழுதறேன். அம்மா மாதிரியே தமிழ் எழுத்துல எழுதறேன். முடியலைன்னா அப்புறம் நீங்க கையைக் காட்டுங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து துபாஷியைப் பேச வைக்கலாம். நான் கிளம்பி வர்றேன். இதில் எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கேட்டேன் என்பதுதான் முதலில் என்று முடிவு செய்துகொண்டாள்.

எண்ணை அழுத்தினாள்.

மணி அடிக்க ஆரம்பித்தது. அந்த மேஜை, அகராதி, பளபளவென்ற தரை எல்லாம் அவளுக்குத் தெரிந்தன. அடித்துக்கொண்டே இருந்தது. படிவத்தை நிரப்பி முடித்த பயணி, பெட்டியின் நிறம் கறுப்பு என்பதை எங்கே எழுதுவது என்று கேட்க வாயெடுத்தார். மகள் மோதிர விரலை மடக்கி, மற்ற விரல்களை நிமிர்த்தி, உள்ளங்கையை அவர் பக்கம் திருப்பிக் கன்னத்தருகே வைத்துக்கொண்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அங்கே இன்னும் எடுக்கவில்லை. நடந்துகொண்டிருப்பார். முன் அறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து முன் அறைக்கு. யாருக்காவது குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். வசனம் முடியட்டும், எடுப்பார் என்று போனிடம் சொன்னாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.